ஓடுபாதையின் அக்கம்பக்கத்தார்

2015 டிசம்பர் முதல் வாரம். கரைபுரண்டு வந்த அடையாறு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் புகுந்தது. ஓடுபாதையில் வெள்ளம் ஏறி நின்றது. டிசம்பர் 6 வரை விமானப் போக்குவரத்து முடங்கியது. ஊரைவிட்டு வெளியேற வழியில்லாமல் தவித்தவர்களுக்கு அப்போது கைகொடுத்தது அரக்கோணம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சென்னையிலிருந்து சாலை வழியே அரக்கோணம் போய் மக்கள் ஹைதராபாத்துக்கு விமானம் ஏறினார்கள்.

வேலி போட்ட தளத்துக்குள் பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதை ஒன்று இருப்பதை அந்தச் சில நாட்களில்தான் வெளியூர்க்காரர்கள் பலர் அறிந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது புதிய செய்தி அல்ல. மோசூர், பெருமூச்சி, தக்கோலம் பக்கத்தில் மாடு மேய்ப்பவர்கள் அண்ணாந்து பார்த்துப் பழகிய விமானங்கள் அவை. அவர்களுக்கு முன் நிற்கும் கேள்வி வேறு. வயல் மனையாகி, மனை வீடாகும் காலத்தில், அந்த ஓடுபாதையின் அக்கம்பக்கத்தில் எந்த வீடு வரலாம், எது வரக்கூடாது என்று யார் பார்க்கிறார்கள்? பார்ப்பவர்கள் எதை அளக்கிறார்கள்? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு முழுக்க அளவுகோல் விமானத்தின் பக்கமே நின்றிருக்கிறது. வீட்டில் குடியிருப்பவரின் பக்கம் அது இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

போர் விட்டுச்சென்ற தளங்கள்

1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரமே பாதி காலியானது. அதையொட்டிய ஆண்டுகளில் மாகாணம் முழுக்க விமானத் தளங்கள் அவசர அவசரமாக எழுந்தன: சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, அரக்கோணம். போர் முடிந்ததும் பெரும்பாலானவை புல் முளைத்துக் கிடந்தன. சோழவரத்து ஓடுபாதையில் கார்ப் பந்தயம் ஓடியது. உளுந்தூர்பேட்டையில் வெறும் காங்கிரீட் தரை மிஞ்சியது.

அரக்கோணத்தின் கதை வேறு திசையில் போனது. நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்க சோவியத் யூனியனிடமிருந்து இந்தியக் கடற்படை வாங்கிய டி.யு.-142எம் விமானங்கள் 1988-ல் கோவாவுக்கு வந்து சேர்ந்தன. அவ்வளவு பெரிய விமானங்களுக்கு நிரந்தர இடம் தேவைப்பட்டது. போர்க்காலத் தளம் புதுப்பிக்கப்பட்டு, 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதை ஐ.என்.எஸ். ராஜாளி என்ற பெயரில் கடற்படைக்கு அர்ப்பணித்தார். டி.யு.-142 நான்கு எஞ்சின் விமானம். ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு விசிறிகள். உலகில் பறந்த விமானங்களிலேயே மிகச் சத்தமானவற்றில் ஒன்று அந்தக் குடும்பம். கால் நூற்றாண்டு அந்த உறுமல் அரக்கோணத்து வானத்தில் கேட்டது. 2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வு பெற்றன. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2013-ல், போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்ட பி-8ஐ விமானங்கள் வந்துவிட்டன. 2020 முதல் ஆளில்லா விமானங்களும் இங்கிருந்து பறக்கின்றன. ஹெலிகாப்டர் விமானிகளுக்கான கடற்படைப் பயிற்சிப் பள்ளியும் இங்கேதான்.

இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஓடுபாதை அசையாமல் அதே இடத்தில் கிடக்கிறது. அதன் சத்தம் அப்படி நிற்பதில்லை. எந்த விமானம் வருகிறது, எத்தனை முறை வருகிறது, பகலிலா இரவிலா என்பதைப் பொறுத்து, சத்தம் எட்டும் எல்லை பத்தாண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகிறது. வீடு அப்படி இடம் மாறாது. 1995-ல் ஒருவர் அமைதியாக இருக்கிறதென்று வாங்கிய மனை 2025-ல் அமைதியாக இருக்கும் என்பதற்கும், அன்று இரைச்சலாக இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அரக்கோணத்துக்கு மேற்கே, வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்தில், இன்னொரு ஓடுபாதை இருக்கிறது. அதுவும் பிரிட்டிஷ் காலத்தது. நெடுங்காலம் சும்மா கிடந்த அந்தத் தளம், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் இடம்பிடித்தது. ஓடுபாதை புதுப்பிக்கப்பட்டது, முனையக் கட்டடம் எழுந்தது. பயணிகள் சேவை தொடங்குவது மட்டும் பல ஆண்டுகளாகத் தள்ளிப்போகிறது. அதற்குள் ‘விமான நிலையம் பக்கத்தில்’ என்பது மனை விளம்பரத்தின் வழக்கமான வரியாகிவிட்டது. சேவை வருமுன்பே விலையை ஏற்றும் அந்த வரி, இரைச்சலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

உயரத்தை அளந்த சட்டங்கள்

அரசாங்கம் ஒருவர் நிலத்தில் அவர் என்ன கட்டலாம் என்று தலையிடத் தொடங்கியது விமானம் வருவதற்கு முன்பே நடந்தது. 1903-ல் வந்தது பாதுகாப்புக் கட்டுமானங்கள் சட்டம். கோட்டை, வெடிமருந்துக் கிடங்கு போன்றவற்றைச் சுற்றி 2,000 கெஜம் வரை கட்டடம், மரம், மேடு எதுவும் எழாமல் தடுக்க அது அதிகாரம் தந்தது. தடுக்கப்பட்டவருக்கு இழப்பீடும் உண்டு என்றது. அன்றைய கவலை பீரங்கியின் பார்வைக்கோடு மறைந்துவிடக் கூடாது என்பது. பின்னால் விமானப்படைத் தளங்களுக்கும் அதே சட்டம் பயன்பட்டது. ஹரியானாவின் குருகிராமில் விமானப்படையின் வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி 900 மீட்டருக்குள் வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டதும், அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்துவிட்டதும், அதையொட்டி நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளும் இந்தச் சட்டத்தின் நீட்சி.

பயணிகள் விமானத்துக்கு 1934-ல் தனிச் சட்டம் வந்தது. 1972-ல் அதில் 9ஏ என்ற பிரிவு சேர்ந்தது. விமான நிலையத்தின் மையப்புள்ளியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதையும் மரம் நடுவதையும் அரசு கட்டுப்படுத்தலாம் என்றது அந்தப் பிரிவு. மரத்தையும் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நன்றாக வளர்ந்த தென்னை ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம் போகும். அதற்கு யாரும் அனுமதி வாங்குவதில்லை. 1988, 2010 ஆண்டுகளில் அறிவிக்கைகள் வந்தன. 2015 செப்டம்பர் 30 அன்று, விமான இயக்கப் பாதுகாப்புக்கான உயரக் கட்டுப்பாட்டு விதிகள் இவற்றை ஒன்றுசேர்த்தன. 1934-ன் சட்டமே 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய சட்டத்துக்கு இடம்விட்டது.

விதிகளின் உள்ளே இருப்பது வடிவியல். ஓடுபாதையின் முனையைத் தாண்டி 60 மீட்டரில் தொடங்கி, வானத்தை நோக்கி மெல்ல ஏறும் ஒரு சரிவை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். கருவி உதவியோடு இறங்கும் பெரிய ஓடுபாதைக்கு அது 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற கணக்கில் ஏறும். 500 மீட்டர் போனால் 10 மீட்டர். அதாவது மூன்று மாடி. இன்னும் 500 மீட்டர் போனால் 20 மீட்டர். ஓடுபாதையைச் சுற்றி 4 கிலோமீட்டர் வரை, தரையிலிருந்து 45 மீட்டர் உயரத்தில், கூரை போல ஒரு தட்டைப் பரப்பு. அதற்கு வெளியே கூம்பு போல ஏறிப்போகும் இன்னொரு பரப்பு. இந்தக் கற்பனைப் பரப்புகளைக் கிழித்துக்கொண்டு எதுவும் மேலே போகக் கூடாது. இதுதான் சட்டத்தின் சாரம்.

வீடு கட்டுகிறவர் கையில் இது வேறு உருவத்தில் வந்து சேர்கிறது. சர்வேயரை வைத்து மனையின் நான்கு மூலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எடுக்க வேண்டும். மனை கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். சான்றில் வரும் அனுமதியும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம்தான். ஆகவே ஏரிக்கரைப் பள்ளத்தில் நிற்கும் நான்கு மாடி தேறிவிடலாம். மேட்டு நிலத்தில் நிற்கும் இரண்டு மாடி தேறாமல் போகலாம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, இடிதாங்கி, செல்போன் கம்பம் எல்லாமே உயரக் கணக்கில் சேரும். பெரிய விமான நிலையங்களுக்கு வண்ண வரைபடம் உண்டு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஓர் உயரம். அதற்குள் இருந்தால் உள்ளாட்சியே அனுமதி தரலாம். ஓடுபாதையை ஒட்டிய சிவப்புப் பகுதியில் எவ்வளவு சிறிய வீடானாலும் விமான நிலைய ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். ராணுவ, கடற்படைத் தளமென்றால் சான்று கேட்டுப் போக வேண்டியது அந்தப் படையிடம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பலன் இல்லாமல் இல்லை. மீறலுக்கு விலை உண்டு என்பதைச் சென்னையே கண்டது. அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டி மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டினார்கள். கொளப்பாக்கம் பக்கத்தில் உயர்ந்து நின்ற கட்டடங்களும் கோபுரங்களும் வழிமறித்ததால், கோடிக்கணக்கில் செலவழித்து நீட்டிய நீளத்தை முழுதாகப் பயன்படுத்த முடியவில்லை. மும்பையில் விமானப் பாதைக்குள் நுழைந்த 48 கட்டடங்களின் மேல்மாடிகளை இடிக்கும்படி 2022 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிட்டது. பணம் கட்டி வாங்கிக் குடியேறியவர்களின் வீடுகள் அவை. கட்டும்போது பார்க்காததை, குடியேறிய பின் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குடியிருப்பவர் பக்கமிருந்து

உயரம் மட்டும் போதுமா என்ற கேள்வியை அமெரிக்காவில் ஒரு சிறு நகரம் எழுப்பியது. நியூஜெர்சியின் எலிசபெத் நகரம் நியூவார்க் விமான நிலையத்தை ஒட்டியது. 1951 டிசம்பர் 16, 1952 ஜனவரி 22, பிப்ரவரி 11 என்று இரண்டே மாதத்துக்குள் மூன்று விமானங்கள் அந்த ஊரின் மேல் விழுந்தன. 119 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களும் அதில் உண்டு. மக்கள் கொதித்தெழ, விமான நிலையம் ஒன்பது மாதம் மூடிக் கிடந்தது. அதிபர் ட்ரூமன், ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் குழு அமைத்தார். 1952 மே மாதம் வந்த அதன் அறிக்கை ஓடுபாதையின் இரு முனைகளிலும் குடியிருப்பே இல்லாத வெற்றிடம் வேண்டும் என்றது. அதற்கு அப்பாலும் நிலப் பயன்பாட்டைத் திட்டமிடச் சொன்னது. எவ்வளவு உயரம் என்பதிலிருந்து அந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு விவாதம் அங்கேதான் நகர்ந்தது.

பிரிட்டன் 1958-ல் ஓடுபாதை முனைகளில் பொதுமக்கள் பாதுகாப்பு மண்டலங்களை வகுத்தது. அங்கே புது வீடு வராது. இருப்பதை விரிவாக்கி ஆள் சேர்ப்பதற்கும் கட்டுப்பாடு. கலிஃபோர்னியா 1967-ல் மாவட்டம்தோறும் விமான நிலைய நிலப் பயன்பாட்டுக் குழு அமைக்கச் சட்டம் செய்தது. விமான நிலையத்தின் செல்வாக்கு எல்லைக்குள் ஒரு குடியிருப்புத் திட்டம் வந்தால் அந்தக் குழு மூன்றைப் பார்க்கும்: உயரம், விபத்து அபாயம், இரைச்சல். பொருந்தாது என்று குழு சொன்னால், நகர சபை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு காரணம் எழுதித்தான் அதைத் தாண்ட முடியும். 2004 முதல் அங்கே வீடு விற்பவர், அந்த வீடு விமான நிலையத்தின் செல்வாக்கு எல்லைக்குள் இருப்பதை வாங்குபவருக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும்.

நம் ஊரில் மனை வாங்குபவர் பட்டா பார்க்கிறார், தாய்ப்பத்திரம் பார்க்கிறார், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார், நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் எண்ணைச் சரிபார்க்கிறார். அந்த மனைக்கு மேலே இரவு இரண்டு மணிக்கு விமானம் இறங்கும் என்பதை இதில் எந்தக் காகிதமும் சொல்லாது.

இந்தியாவில் இரைச்சலுக்கு விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. 2018 ஜூனில் விமான நிலையங்களுக்குத் தனி அளவு வந்தது. ஆண்டுக்கு 50,000-க்கு மேல் விமானங்கள் வந்துபோகும் நிலையத்தைச் சுற்றிப் பகலில் 70, இரவில் 65. டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். இரவுக்கான இரண்டு எண்களுக்கும் இடையே 20 டெசிபல் வித்தியாசம். குடியிருப்பின் அளவுப்படி உறங்க வேண்டியவர், விமான நிலையத்தின் அளவுப்படி நான்கு மடங்கு சத்தத்தோடு உறங்க வேண்டியிருக்கும். இரண்டு அட்டவணைகளும் ஒரே வீட்டின் மேல் ஒன்றாக விழும்போது எது செல்லும் என்பதை மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் மேஜையில் யாரும் தீர்ப்பதில்லை. 2018-ன் அளவுகள் பயணிகள் விமான நிலையங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அரக்கோணம் போன்ற படைத்தளத்தின் பக்கத்து வீட்டுக்காரருக்கு அவை துணைவர மாட்டா.

விபத்துக் கணக்கு இன்னும் கொடியது. 2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் அலையன்ஸ் ஏர் போயிங் 737 ஒன்று இறங்கப்போகும் நேரத்தில் அரசு ஊழியர் குடியிருப்பின் மேல் விழுந்தது. 60 பேர் இறந்தார்கள். ஐவர் தரையில் இருந்தவர்கள். 2018 ஜூன் 28 அன்று மும்பை காட்கோபரில் சிறு விமானம் விழுந்து, அதில் இருந்த நால்வரோடு தெருவில் போன ஒருவரும் இறந்தார். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் ஏ.ஐ. 171 புறப்பட்ட சில நொடிகளில் பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். மாணவர்கள் மெஸ்ஸில் இருந்தார்கள். விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர், ஆக 260 உயிர்கள்.

ஓடுபாதையின் முனையிலிருந்து அந்த விடுதி சுமார் 1.7 கிலோமீட்டர். 50-க்கு 1 என்ற சரிவைச் சமதரையில் வைத்துக் கணக்குப் போட்டால், அந்தத் தூரத்தில் 32 மீட்டர் வரை, அதாவது பத்து மாடி வரை, கட்டடம் எழலாம். உயரக் கணக்கில் அங்கே ஒரு விடுதிக்குத் தடை ஏதும் இல்லை. கட்டடம் விமானத்தை இடிக்காமல் இருக்கச் சட்டம் காவல் நின்றது. விமானம் கட்டடத்தின் மேல் விழுந்தால் உள்ளே எத்தனை பேர் என்று அது கேட்கவில்லை. விபத்து நடந்து ஒரு வாரத்துக்குள் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளும் உயரம் மீறிய கட்டடங்களையும் மரங்களையும் விரைவாக அகற்றுவது பற்றியவையே. அகமதாபாத் கேட்ட கேள்விக்கு அவை பதில் ஆகவில்லை.

தோல் நகரங்கள் கற்ற பாடம்

தூரத்தைத் தாமதமாக எழுதினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டித் தோல் தொழிற்சாலைகள் பெருகின. பதனிடும் தொட்டியும் குடிநீர்க் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நீர்நிலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் ஆலை கூடாது என்று தமிழக அரசு ஆணையிட்டது 1989-ல். அதற்குள் ஆலைகள் எழுந்துவிட்டன, குடும்பங்கள் அவற்றை நம்பி வாழத் தொடங்கிவிட்டன, நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேளாண் ஆய்வாளர்களின் கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவானது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், ஆபத்து வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளை இந்திய நீதித்துறை உறுதியாக நிறுவியது இந்த வழக்கில்தான். சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் வேலூரின் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

தோல் தொழிலும் விமானமும் ஒரே விதியில் சந்திக்கும் இடமும் உண்டு. 1937-ம் ஆண்டு விமான விதிகளில் 91-வது விதி, விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை அறுப்பதையும் தோலுரிப்பதையும், பறவைகளை ஈர்க்கும் கழிவுகளைக் கொட்டுவதையும் தடைசெய்கிறது. இறைச்சிக் கடை, மீன் கடைக் கழிவுகளையும் எலும்பு அரவை ஆலைகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கழுகும் பருந்தும் வட்டமிடும் இடத்தில் விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு பறவை புகுந்தால் போதும், எஞ்சின் நின்றுவிடலாம். அப்துல்லாபுரத்திலிருந்து நேர்கோட்டில் வேலூர்க் கோட்டை ஏழு கிலோமீட்டர். பழைய வேலூரின் சந்தைகளும் இறைச்சிக் கடைகளும் அந்த வட்டத்துக்குள் விழுகின்றன. அந்தக் கடைக்காரர்கள் அங்கே தலைமுறைகளாகத் தொழில் செய்பவர்கள். முதல் பயணிகள் விமானம் வந்த மறுநாள் கடைக்காரரிடம் நோட்டீஸ் நீட்டுவது நியாயம் ஆகாது. மூடிய அறுவைக்கூடமும் ஒழுங்கான கழிவு அகற்றலும் விமானத்துக்கு முன்பே வர வேண்டும்.

வரைபடத்தை எடுத்து ராஜாளியை மையமாக வைத்து 20 கிலோமீட்டர் வட்டம் போட்டால் அரக்கோணம், தக்கோலம், நெமிலி, திருத்தணி மலை வரை உள்ளே வருகின்றன. அப்துல்லாபுரத்தை மையமாக வைத்தால் வேலூர் மாநகரம், காட்பாடி, பள்ளிகொண்டா. இரண்டு வட்டத்துக்கும் வெளியே, நடுவில் நிற்கிறது வாலாஜாபேட்டை. அங்கிருந்து அப்துல்லாபுரமும் அரக்கோணத் தளமும் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் உள்ள ராணிப்பேட்டையும் ஆற்காடும் இரண்டு வட்டத்துக்கும் வெளியேதான்.

போக்குவரத்து ஓர் ஊரை எப்படித் தூக்கும், எப்படி இறக்கும் என்பதற்கு வாலாஜாபேட்டையே நல்ல உதாரணம். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய இந்தப் பேட்டை, மைசூர்ப் பக்கத்துக்கும் கடற்கரைக்கும் இடையே சரக்கு கைமாறிய பெரிய சந்தை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது வாலாஜா ரோட்டில். நிலையம் ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி அமைந்தது. 1866-லேயே வாலாஜாபேட்டை நகராட்சி ஆனது. ரயில் மேற்கே நீள நீள, பேட்டையில் இறங்கி ஏறிய சரக்கு நேராகச் சென்னைக்குப் போனது. சந்தையின் மவுசு குறைந்தது. இன்று அந்த ரயில்பாதை இருக்கிறது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இருக்கிறது, விமானத்தின் உயரக் கட்டுப்பாடு இல்லாத நிலம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் புதுக் குடியிருப்புகள் பெருக வேண்டுமானால் அவற்றை அரசு எந்தப் பக்கம் திருப்பலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு தேவையில்லை.

நெருக்கடி அரக்கோணம் பக்கமிருந்துதான் வருகிறது. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அரக்கோணத்தை ஒட்டிய கிராமங்களும் அதற்குள் வந்தன. தெற்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கும் வேலை நடக்கிறது. அங்குள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் ஆண்டுக்கணக்கில் அதை எதிர்த்துப் போராடி வருகிறார்கள். ராஜாளியின் வான்வெளியும் பரந்தூரின் வான்வெளியும் எப்படி ஒத்துப்போகும் என்பது அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்தே பேசப்படும் விஷயம். இரண்டும் இயங்கும் நாளில், இடையே உள்ள கிராமங்களின் மேல் இரண்டு தளங்களின் விமானங்களும் பறக்கும். அந்தக் கிராமங்களில் இன்று மனைக்கல் நடுகிறார்கள்.

இந்தப் பகுதிகளுக்கான நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை எழுதப்போகும் நகர் ஊரமைப்புத் துறையிடமும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமும் கேட்க வேண்டியவை அதிகமில்லை. உயர வரைபடத்தின் மேலேயே இன்னும் இரண்டு கோடுகள் வேண்டும். ஒன்று, இரவுச் சத்தம் எட்டும் எல்லை. விமானங்களின் வகை மாறும்போதெல்லாம் அது திரும்ப வரையப்பட வேண்டும். அதற்குள் வீடு, பள்ளி, மருத்துவமனை தவிர்த்து, கிடங்கும் பட்டறையும் வரட்டும். மற்றொன்று, ஓடுபாதையின் இரு முனைகளுக்கும் நேராக நீளும் அபாயப் பட்டை. அங்கே வயல் வயலாகவே இருக்கட்டும். அப்படிக் கட்டுப்படுத்தப்படும் விவசாயிக்கு இழப்பீடு வேண்டும். இழப்பீடு கொடுக்காமல் கட்டக்கூடாது என்று சொல்ல முடியாது என்பதை 1903-ன் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் கோடுகளுக்குள் விழும் சர்வே எண்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வில்லங்கச் சான்றில் அடமானம் தெரிவது போல, இந்த மனை விமானச் சத்த எல்லைக்குள் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். பிறகு எடுப்பதும் விடுவதும் வாங்குபவர் விருப்பம். அப்துல்லாபுரத்தில் பயணிகள் சேவை தொடங்குமுன், பரந்தூரில் ஓடுபாதை அமையுமுன், அரக்கோணத்து வயல்கள் மனைப்பிரிவாகப் பிரியுமுன் இந்த வேலை முடிந்தால், மும்பையில் நடந்தது போல மேல்மாடியை இடிக்க ஆள் அனுப்ப வேண்டிய நிலை இந்த மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கு வராது.